பச்சை மோரிஸ்

தேவசகாயத்தின் கொட்டகையில் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்பது வருடமாகப் பிரித்துப் போட்டபடி கிடந்தது. எதிர்வீட்டுப் புனிதா அதே மாடலைத் துருப்பிடித்த கூடாக வாங்கி, வங்கி வேலை போக மிஞ்சிய ஞாயிறுகளில் இரண்டே வருடத்தில் முடித்துவிட்டாள். இளம்பச்சை பெயின்ட். அவர் தன் காருக்கென்று மனதில் வைத்திருந்த அதே பச்சை.

ஒரு ஞாயிறு காலை அவள் கார் கிளம்பாமல் இருமியது. "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள்.

பானெட்டுக்குள் குனிந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பிளக் ஒயர்கள் இடம் மாறியிருந்தன. மாற்றிச் செருகினால் ஓடிவிடும்.

"என்ஜின்லதான் கோளாறு புனிதா. இறக்கிப் பிரிச்சுத்தான் பாக்கணும்."

அழுதுவிடுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ண்ணே" என்று ஸ்பேனரை எடுத்தாள். முதலில் அந்த ஒயர்களைத்தான் உருவிப் போட்டாள். தப்பு எங்கே இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தொலைஞ்சிடாம பிடிச்சுக்குங்க."

கை நிறைந்துவிட்டது. இன்னும் நிறைய இருந்தன. அவர் மறுகையையும் நீட்டினார்.