வெளியிலிருந்து இயக்கும் வசதி

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை நம்பவில்லை.

போன இரண்டு நேர்காணல்களிலும் இப்படித்தான் எரிந்தது. பேச ஆரம்பித்ததும் வைஃபை போனது. அழைப்பு அறுந்ததும் சமர்த்தாகத் திரும்பி வந்தது.

"எந்த வீட்லதான் நெட்டு போகல? உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்," என்று ஓசூரிலிருந்து வாட்ஸப் அழைப்பில் சிரித்தார் கணவர். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அவள் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்காது. அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நேர்காணல் எத்தனை மணிக்கு என்று மட்டும் அக்கறையாகக் கேட்டுக்கொள்வார்.

மூன்றாவது இன்னும் சற்று நேரத்தில். இதுவும் போனால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. கைபேசிக்கு அந்த வீட்டில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது.

மடிக்கணினியில் அரசின் வைஃபை பாதுகாப்பு வழிகாட்டி. அரசாங்கம் இவ்வளவு பொறுமையாகப் பேசி அவள் கேட்டதேயில்லை.

"மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையவும்."

கடவுச்சொல் கேட்டது. அவர் பெயரைப் போட்டாள். இல்லை.

பைக் எண்ணைப் போட்டாள். திறந்துகொண்டது.

"வெளியிலிருந்து மோடத்தை இயக்கும் வசதி செயல்பாட்டில் இருந்தால் அணைக்கவும்."

இருந்தது.

மாட்டிவிட்டுப் போன கம்பெனிக்காரன் அப்படியே விட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்னமும் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதற்காக அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அணைத்தாள்.

"கடவுச்சொற்களை மாற்றவும். உங்களை நன்கு அறிந்தவர்கள் ஊகிக்கக் கூடியவை வேண்டாம்."

விரல் நின்றுவிட்டது.

பிறந்த நாள். அம்மா பெயர். படித்த பள்ளிக்கூடம். எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவருக்குத் தெரியாதது என்று அவளிடம் என்னதான் இருக்கிறது?

ஒன்று இருந்தது.

கல்யாணமான புதிதில் ஒருநாள், துணிப்பையோடு காந்திபுரம் போய் அம்மா ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கிளம்புவதற்குள் இறங்கிவிட்டாள். வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காய் முத்தல் என்றார். அன்றைக்கு நடந்ததில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த பஸ்ஸின் எண்ணை முழுதாகத் தட்டினாள். பக்கத்தில் ஊர் பெயரையும் சேர்த்தாள்.

சேமித்ததும் மோடம் தானாக ஒருமுறை அணைந்து தொடங்கியது; விளக்கு அணைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

எரிந்தது.

மடிக்கணினியையும் கைபேசியையும் மறுபடி இணைத்து முடிப்பதற்குள் திரையில் ஓர் அம்மாள் வந்துவிட்டார். கேள்விகள் ஆரம்பித்தன. முதல் பதிலில் குரல் நடுங்கியது. அப்புறம் சரியாகிவிட்டது. நெட் போகவில்லை.

"கோயமுத்தூர்ல இடம் இல்லைன்னா வெளியூர் போவீங்களா, தமயந்தி?"

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. ஓசூரிலிருந்து அவர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.

"மோடத்துல எதுக்குக் கை வெச்ச?"

படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"தமயந்தி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க மேடம்," என்றாள். "போறனுங்க. எந்த ஊருன்னாலும் சரிங்க."