இனிப் பயணம் இல்லை

"ரூலோஃப், இங்க வந்து பாரேன்! வண்டியில ஒரு பொட்டு சார்ஜ்கூட இல்ல!"

ஃபெம்கே கைபேசியை நீட்டினாள். மாலை ஆறு மணி. உத்ரெக்ட் நகரமே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரம். வெளியே பனிமூட்டத்தில், தெருவோர மின்சார வண்டிகள் எல்லாம் தங்கள் மின்சாரத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தபடி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவள் வண்டியில் மட்டும் விளக்கே இல்லை.

"தினம் சாயங்காலம் எடுக்கிறதுதானே? விடியறதுக்குள்ள திருப்பி ஏத்திடுவாங்க" என்றான் கணவன், இரண்டு கிண்ணங்களில் பட்டாணி சூப்பை ஊற்றியபடி.

"காலையில நான் போற அளவுக்கு விட்டுட்டுத்தான் எடுப்பாங்க. இன்னிக்கு வழிச்சுத் துடைச்சிருக்காங்க. கீழ பாரு, 'இந்த வண்டிக்கு இனிப் பயணம் இல்லை'ன்னு வருது!"

ரூலோஃபுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டிக்குப் பயணம் இல்லை என்றால் அவளுக்குத்தான் இல்லை.

"எதிர் வீட்டு கிரேதாவோட வண்டியும் ஒருநாள் இப்படித்தான் காலியாச்சு. மறுநாள் கிரேதாவே போய்ச் சேர்ந்துட்டா" என்று சிரித்தான் ரூலோஃப். "மெஷினுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும் போல."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? நாளைக்கு எட்டு மணிக்கு நான் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாகணும். அப்பா வீட்டுல என் பங்கும் தங்கச்சிக்குத்தான். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் சரி."

"நான் ஒண்ணுமே சொல்லலையே. குடி, ஆறுது."

ஒரே தேயிலைப் பையில் மூன்று கோப்பை தேநீர் போடும் மகா கஞ்சன் அவன். இன்று சூப்பில் இறைச்சியையும் மிளகையும் தாராளமாக அள்ளிப் போட்டிருந்தான். பயத்திலும் பசித்தது அவளுக்கு. குடித்துக்கொண்டே மின்சாரக் கம்பெனிக்குப் பேசினாள்.

"ஏங்க, உங்க மெஷினுக்கு என் சாவு தெரியுமா?"

"ஐயோ, அது தானா எதுவும் முடிவு பண்ணாதுங்க" என்றாள் மறுமுனைப் பெண். "இனிமே ஓடாத வண்டின்னு நீங்க பதிஞ்சா, மொத்த மின்சாரத்தையும் எடுத்துக்குவோம். காசும் கூடுதலா வரும். மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க பயணம் எல்லாத்தையும் ரத்து பண்ணியிருக்காங்க."

"யாரு?"

"உங்க வீட்டு இன்னொரு போன்லேருந்துதான். ரூலோஃப்னு இருக்கு."

ஃபெம்கே நிமிர்ந்தாள். "நீயா?"

"வேண்டாத வண்டியில மின்சாரம் எதுக்குச் சும்மா கிடக்கணும்?" என்று முணுமுணுத்தான் அவன்.

பிறகு, ஒரு ரொட்டித் துணுக்கைக்கூட வீணாக்கி அறியாத அந்த மனிதன், தொடாமல் வைத்திருந்த தன் சூப்பை எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினான். ஃபெம்கேயின் கிண்ணம் காலியாக இருந்தது.