தொண்ணூற்றொரு மதிப்பெண்

ஜெசிந்தா, லேப் டெக்னீஷியன் வேலைக்காக நான்கு வருடமாக வேலைவாய்ப்பு மையத்தில் பதிந்து காத்திருந்தாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டதால், மையத்தின் கணினி அவளுடைய வேலைத் தகுதிக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கு மேல் மதிப்பெண் கொடுக்கவே இல்லை. அறுபது இருந்தால்தான் நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது கைபேசி ஒலித்தது. பேசியது அந்தக் கணினிதான். மனிதக் குரல் போலவே இனிமையாக இருந்தது.

"வாழ்த்துகள் ஜெசிந்தா! உங்க மதிப்பெண் இப்போ தொண்ணூத்தொண்ணு. ஆஸ்பத்திரி லேப்ல வேலை உறுதி. திங்கட்கிழமை சேரலாம்."

"எப்படித் திடீர்னு ஏறிச்சு?"

"உங்க வீட்டுப் பொறுப்பு ஒண்ணு குறைஞ்சிருக்கு. இறப்புப் பதிவு காலையில வந்துச்சு."

அவள் விரல்களில் கல்லறை மண் ஒட்டியிருந்தது.

"ஒரு வாரம் கழிச்சுச் சேரலாமா? அப்பாவுக்கு ஏழாம் நாள் பூசை இருக்கு."

"தாராளமா. ஆனா மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்குப் போடுவோம்."

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். குழி வெட்டியவர் மண்ணைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

"வேணாம், திங்கட்கிழமையே வந்துடறேன். ரொம்ப நன்றிங்க."

அந்த நன்றியை மனதாரச் சொல்லியிருக்கிறோம் என்பது, சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.