அப்பாவின் ரைஃபிளுக்கு ஒரு மலிவு ஸ்கோப்

கடைசித் திருகையும் இறுக்கிவிட்டு ஸ்கோப்பை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

தூரத்துக் குறியைக் கிட்டத்தில் காட்டும் குழல், கடையில் இருந்ததிலேயே மலிவான ஸ்கோப் இது. அப்பாவின் பாயின்ட் டூ டூ ரைஃபிள் என்னைவிட மூத்தது. ஸ்கோப் மாட்டுவதற்கென்றே அதன் முதுகில் இரண்டு காடி வெட்டியிருக்கிறது. இத்தனை வருஷமும் அதில் தூசிதான் உட்கார்ந்திருந்தது. ஸ்கோப் எல்லாம் சுடத் தெரியாதவனுக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் அப்பா.

போன அணில் வேட்டைப் பருவத்தில் அவர் ஒன்றைக்கூட அடிக்கவில்லை. துப்பாக்கியின் முனைக்குறி தேய்ந்துபோய்விட்டதாம்.

தேயவில்லை. நான் தடவிப் பார்த்தேன்.

அப்பா இப்போதெல்லாம் எதையும் நேராகப் பார்ப்பதில்லை. காபி ஊற்றும்போது தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் ஓரத்தால் கோப்பையைத் தேடுகிறார். என்னோடு பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசுகிறார்.

வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வெஸ்ட் வர்ஜீனியாவில் எங்கள் சாலைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

ஓட்டுநர்களுக்கான கண் சோதனையில் தேறிவிட்டார். வரிசையில் முன்னால் நின்றவர் வாசித்த எழுத்துகளைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, தன் முறை வந்ததும் ஒப்பித்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், பரீட்சையில் காப்பி அடித்த பையன் மாதிரி. அம்மாவும் சிரித்தாள்.

அம்மாவின் புற்றுநோய் மருந்து அந்த வேலையோடு வரும் காப்பீட்டில்தான் கிடைக்கிறது. வேலை போனால் மருந்து போகும். மருந்து போனால் அம்மா போவாள். இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அக்கா ட்வைலாவின் மகள் ஜோஸிக்கு ஏழு வயது. அப்பாவின் பேருந்து அவள் வீட்டு வாசலில்தான் நின்று போகும்.

நான் இளைய மகள், இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இயந்திரப் பொறியியல். இன்னும் வேலை கிடைக்கவில்லை. இப்போதைக்கு அந்தப் படிப்பு நான்கு திருகு முறுக்க உதவுகிறது.

குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி வெளியே வைத்தேன். ரைஃபிளை மணல்மூட்டைமேல் ஆடாமல் பதித்து, வெறும் குழலுக்குள் கண்ணை வைத்தேன். கொல்லைக் கோடியில் நிற்கும் ஓக் அடிமரம் சின்ன வட்டமாகத் தெரிந்தது. ஸ்கோப்பின் சிலுவைக்கோடும் அதே இடத்தில் விழும்வரை குமிழ்களைத் திருகினேன். பிறகு போல்ட்டைத் திரும்பப் போட்டேன்.

ஸ்கோப்பில் குறை இல்லை. மலிவுதான், ஆனால் அடிமரத்தின் பட்டை வெடிப்புகூடத் தெரிந்தது.

எங்கள் பக்கம் குறி பார்ப்பது காகிதத் தட்டில். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி போட்டு மரத்தில் மாட்டுவோம். சுட்டவர் எழுந்து போய்ப் பார்க்கமாட்டார். போனால் தன் கையைத் தானே நம்பாதவன் என்று சிரிப்பார்கள். கூட இருப்பவர்தான் போய்ப் பார்த்துச் சொல்லவேண்டும். அணில் பருவம் தொடங்குமுன் எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

தட்டை எடுத்துக்கொண்டு அடிமரம்வரை போய்த் திரும்பினேன். அப்பா அதற்குள் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டிட்டியா, காலேஜு? இல்ல, அதுக்குத் தனியா ஒரு பட்டம் வாங்கணுமா?"

மாட்டியாச்சு என்றேன்.

மூன்று முறை சுட்டார். மூச்சை அடக்கி, அவசரப்படாமல், எப்போதும்போல அழகாகச் சுட்டார். அப்புறம் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"தட்டு பளிச்சுனு தெரியுது. மூணும் நடுவுல. வேணும்னா போய்ப் பாத்துக்கோ."

தட்டு என் சட்டைக்குள் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடிமரத்தில் எதுவுமே இல்லை.

கத்துவதற்காகத்தான் இதைச் செய்தேன். என்னென்ன சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்தேன். பிள்ளைகள், ஓடை, வளைவு, வெட்கமில்லையா, எல்லாம். வாயைத் திறந்தேன். பல் பிடுங்குமுன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது உடம்பு முழுக்க.

மரம்வரை நடந்தேன். பட்டையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். திரும்பி வந்தேன்.

நடுவில்தான் அப்பா என்றேன்.

அவர் ரைஃபிளின் கட்டையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு நல்ல நாயைத் தட்டுவதுபோல. அம்மாவிடம் சொல்வதற்காக உள்ளே போனார். பழகிய படிகள், கால் தடுமாறவில்லை.

பின்படியில் அக்கா பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைக்குள்ளிருந்து தட்டை உருவியதைப் பார்த்தாள். ஓட்டையில்லாத தட்டு. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமையிலிருந்து ஜோஸியை நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"ஈஸ்டர்லேருந்தே நான்தான்டி அவள விடுறேன்," என்றாள் அக்கா. "இந்த ரோட்ல கார் இருக்கிற யாரும் இப்ப பிள்ளைங்கள பஸ்ல ஏத்துறதில்ல."

அப்படியானால் யார் ஏறுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கார் இல்லாத வீடுகளை எனக்குத் தெரியும், ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுவேன்.

அவள் மடியிலிருந்து ஒரு கை பீன்ஸை அள்ளி உரிக்க ஆரம்பித்தேன்.