சோதனைப் பொத்தான்

அலாரத்தின் ஒலித்துளைகளில் பஞ்சை அடைத்து, அதன்மேல் மூன்று அடுக்கு டேப் ஒட்டியிருந்தது.

மூக்கர் ஏணியில் நின்றபடியே கீழே பார்த்தார். வீட்டுக்காரி நிமிராமல் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குடியிருப்பின் எழுபத்திரண்டு வீடுகளிலும் வருடத்துக்கு ஒரு முறை கார்பன் மோனாக்சைடு அலாரத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இந்தக் கட்டடத்துக்கு அவர் புதிது. மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயுவைத் தேடிப் போகிறவருக்கு இவ்வளவு பெரிய மூக்கு எதற்கு என்று கேட்டு, அலுவலகத்தில் வைத்த பெயர் அது. அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

“ஏம்மா, காவலுக்கு வச்சவன் வாயையே கட்டிப்போட்டுட்டு உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?”

அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அலாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. துளி தூசி இல்லை. பேட்டரி மாற்றிய தேதிகளைப் பின்பக்கம் பேனாவால் பொடி எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். அலாரத்தின் ஆயுள் முடியும் மாதத்துக்கு அடியில் இரண்டு கோடு. கேஸ் ஹீட்டரின் புகைக்குழாயைக்கூடப் போன மாதம்தான் ஆள் வைத்துச் சுத்தம் செய்திருக்கிறாள். இதுவரை சோதித்த வீடுகளில் இப்படி ஒரு வீட்டை அவர் பார்த்ததில்லை.

“சத்தம் வராம, லைட் மட்டும் எரியற மாதிரி ஏதாவது இருக்கா சார்?”

“காது கேக்காதவங்களுக்கு ஒண்ணு இருக்கு. லைட் மின்னும், தலகாணிக்கு அடியில அதிரும். ஆனா அதுவும் கத்தத்தான் செய்யும்மா.”

அவள் தலையாட்டினாள். பல இடங்களில் கேட்டுப் பழகிய பதில் போலிருந்தது.

அவர் அலாரத்தை மாட்டினார். டேப்பை உரித்தார். பஞ்சைக் கிடுக்கியால் பிடுங்கினார். விரலைச் சோதனைப் பொத்தானுக்குக் கொண்டுபோனபோது அவள் சட்டென்று அவருடைய கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம் சார். அவர் தூங்குறார்.”

பகல் மூன்று மணி. ஆளாளுக்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டார்.

“தூங்குறவங்கள எழுப்பத்தாம்மா இத மாட்டியிருக்கு.”

அழுத்தினார்.

நான்கு கூவல். ஒரு நிறுத்தம். மறுபடி நான்கு.

படுக்கையறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெறுங்காலோடு ஓடிவந்தார். ஏணியையோ அதில் நிற்கும் மனிதரையோ அவர் பார்க்கவில்லை. வாசல் கதவை விரியத் திறந்தார், ஜன்னலைத் திறந்தார், ஒரு ராணுவக்காரனின் ஒழுங்கோடு. பிறகு கூடத்தின் கோடியிலிருந்த சின்ன அறைக்குள் இரண்டு கையையும் நீட்டியபடி பாய்ந்தார்.

உள்ளே இஸ்திரி மேசையும் நான்கைந்து அட்டைப்பெட்டிகளும்தான் இருந்தன.

நீட்டிய கை நீட்டியபடியே இருக்க அவர் திரும்பினார்.

“பாப்பா எங்க?”

அவள் ஏணியை விட்டுவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

“பாப்பா இல்லீங்க. அஞ்சு வருஷம் ஆச்சு. அந்த கேஸ்ல போயிட்டா. உங்களையும் என்னையும்தான் காப்பாத்தினாங்க. அதுலதான் உங்களுக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கிறதில்ல.”

அதைக் கேட்ட முகத்தை மூக்கர் தன் ஆயுளில் மறக்கப்போவதில்லை. அந்தச் செய்தி அந்த நொடியில்தான் அந்த வீட்டுக்கு வந்திருந்தது.

“அலாரம் இருந்துச்சே?”

“பேட்டரி இல்ல.”

“யாரு கழட்டினது?”

“நான்தான். பேட்டரி தீந்து கீச்சுகீச்சுன்னு கத்துச்சு. பாப்பா தூக்கம் கெடுதுன்னு கழட்டிட்டேன்.”

“நீயெல்லாம் ஒரு தாயா?”

அவர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவளைத் திட்டினார். நடுநடுவே குழந்தையின் பெயரைச் சொல்லிக் குரல் உடைந்து அழுதார். அவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரத்தில் அழுகை தேய்ந்து நின்றது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஈரமான கையை வியப்போடு பார்த்தார். அப்புறம்தான் ஏணி கண்ணில் பட்டது.

“வாங்க, வாங்க. யாரு, லைட் ரிப்பேரா? இவருக்குக் குடிக்க ஏதாவது குடுத்தியா?”

மூக்கர் ஏணியை மடக்கினார். பஞ்சும் டேப்பும் அவர் கையிலேயே இருந்தன. திரும்ப ஒட்டினால் குற்றம். ஒட்டாமல் போனால், அலாரம் என்றைக்குக் கூவினாலும் இதே கதை. அவற்றைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அவள் கையெழுத்துப் போட மாடிப்படிவரை வந்தாள்.

“பாப்பா வெளியூர் போயிருக்கான்னு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமேம்மா?”

“சொல்லிப் பார்த்தேன் சார். தேடிக்கிட்டு ரோட்டுக்குப் போயிடறார். ரெண்டு தடவை வண்டியில அடிபட இருந்தார்.”

மூக்கர் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். அவளைச் சாடிய அந்த வார்த்தைகள் இன்னும் காதில் இருந்தன.

“அப்ப, நீங்க கழட்டினதையாவது சொல்லாம விட்ரலாமே. அவரு மறந்ததுதானே?”

அவள் கையெழுத்தைப் போட்டு முடித்துப் பேனாவை நீட்டினாள். கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த பேட்டரி அன்னிக்கு அவர் சட்டைப்பையில இருந்துச்சு சார்.”