தனித்தனி பில்

"மளிகைக்கு மாசம் முந்நூறு டாலர்னு பேசி வெச்சோம். பத்தாம் தேதியே காலி! தினமும் கடைக்குப் போனா இப்படித்தான்ப்பா ஆகும்." சின்சினாட்டியிலிருந்து காரோட்டி வந்த கொரின் பொரிந்து தள்ளினாள்.

அலமாரி முழுக்கப் பிரிக்காத கடுகு சாஸ் பாட்டில்கள்.

"உங்களுக்குத்தான் இது பிடிக்கவே பிடிக்காதே!"

"அந்தக் கடையில அதுதாம்மா விலை கம்மி" என்றார் வெர்னன்.

அவளே அவரைக் கடைக்கு இழுத்துப்போனாள். மாதச் சாமான் மொத்தமும் ஒரே வண்டியில் ஏறியது.

கல்லாவில் இருந்த பெண் சிரித்தாள். "என்ன வெர்னன் சார், இன்னைக்கு ஒரே பில்லா? ரெண்டு பொருள் வாங்கினாக்கூட ரெண்டு பில் கேப்பீங்களே!"

கொரின் அப்பாவை முறைத்தாள். "இனிமே மாசத்துக்கு ஒரே பில்தான். தள்ளுபடிக்குக் குடுத்திருக்கிற போன் நம்பரைப் போடுங்கப்பா."

வெர்னன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக நிதானமாக அழுத்தினார். திரை ஒளிர்ந்தது.

'வாங்க டார்லீன்! உங்களை மறுபடியும் பார்த்ததில் மகிழ்ச்சி.'

அம்மா டார்லீனை அடக்கம் செய்த மறுவாரமே கொரின் நிறுத்திவிட்ட போன் நம்பர் அது. கடைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

எழுத்து மறையும்வரை வெர்னன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவ்வளவுதாம்மா, போலாம்" என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா."

உள்ளே ஓடிப்போன கொரின் ஒரு கடுகு சாஸ் பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"இதுக்குத் தனி பில் போடுங்க" என்றாள் கல்லாப் பெண்ணிடம். "இந்தத் தடவை நம்பரை நான் போடறேன்."