நாலு விரற்கடை தள்ளி

என் மகன் ராட்னி அந்தக் கொக்கியைப் பிக்கப் டிரக்கிலிருந்து இறக்கியபோதே எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

கனத்த இரும்பு. அகலமாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. டிராக்டரின் பின்னால் பூட்டிவிட்டால் போதும், தானிய வண்டியின் முன்னால் நீளும் ஏர்க்காலை அதுவே கவ்விக்கொள்ளும். ஓட்டுகிறவர் இருக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டாம். பின்னால் இன்னொரு ஆள் நிற்கவும் வேண்டாம்.

அந்த இன்னொரு ஆள் நான்.

என் கணவர் ஆர்னால்ட் இறந்துபோன பிறகு வந்த முதல் அக்டோபரிலிருந்து, ஆறு வருடமாக இந்த வேலை என்னுடையது. எதிர்ப் பண்ணை கெர்மிட் சோள அறுவடையில் இறங்கியதும் போன் செய்வான்.

"வெர்னா, கை சும்மா இருக்கா?"

ஆர்னால்டின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு சாலையைத் தாண்டிப் போவேன். தானிய வண்டியின் அருகே நின்று, வா வா என்று கை காட்டுவேன். டிராக்டரின் துளையும் ஏர்க்காலின் துளையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றதும் இரும்புப் பின்னைச் சொருகுவேன்.

ஒரே தடவையில் வந்ததே கிடையாது. நாலு விரற்கடை இடது, இல்லாவிட்டால் நாலு விரற்கடை வலது. மறுபடி முன்னால் போவான், மறுபடி பின்னால் வருவான்.

"பிடரியில கண்ணு இல்லைன்னா கழுத்தையாவது திருப்பு, கெர்மிட்," என்று கத்துவேன். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பரவாயில்ல, கிட்டத்துல வந்துட்டேன்," என்பான்.

பின் துளைக்குள் விழுந்ததும் ஃப்ளாஸ்க் காப்பியை ஆளுக்குப் பாதியாகக் குடிப்போம். பத்து நிமிடம். மழை, பன்றி விலை, யார் வீட்டு நாய் குட்டி போட்டது. அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் வருடம் பூராவும் காத்திருக்கிறேன். ஏக்கம் என்று இதற்குப் பெயர் சொல்ல அறுபத்தோரு வயதில் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான்.

எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் யாரும் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை. வெர்னா எதிர்ப் பண்ணைத் தனிக்கட்டையைச் சும்மா பார்க்கப் போனாள் என்றால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காப்பி ஆறுவதற்குள் அது ஊர்ப் பேச்சாகிவிடும். பின் சொருகப் போனாள் என்றால் ஒருவரும் வாயைத் திறக்க முடியாது.

போன வாரம் சொருகும்போது அந்தப் பின் என் கட்டைவிரல் நகத்தைப் பதம் பார்த்துவிட்டது. நகம் கறுத்துப்போனது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ராட்னி ஃபார்கோ நகரத்திலிருந்து இந்த இரும்போடு கெர்மிட்டின் முற்றத்தில் வந்து நிற்கிறான்.

"டிராக்டருக்கும் வண்டிக்கும் நடுவுல நிக்கிற வேலையே இனிமே உனக்கு வேணாம்மா."

பிள்ளை பயப்படுகிறான். நியாயம்தான். என்ன சொல்லி மறுப்பது?

கெர்மிட் கொக்கியைச் சுற்றி வந்து பார்த்தான். என் கட்டைவிரலையும் பார்த்தான்.

"பரவாயில்ல," என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல இவனுக்கு வாய் வராதா?

ராட்னி கொக்கியைப் பூட்டி முடித்தான். என்னைக் கொட்டகைச் சுவர் ஓரமாகப் போய் நிற்கச் சொன்னான். பழைய இரும்புப் பின் என் கோட்டுப் பையில் இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரே தடவை கவ்விவிட்டால் போதும், என் அக்டோபர்கள் முடிந்தன.

கெர்மிட் ஏறி உட்கார்ந்தான். டிராக்டர் பின்னால் வந்தது.

ஒரு சாண் இடது. கவ்வவில்லை.

மறுபடி வந்தது. ஒரு சாண் வலது.

மூன்றாவது தடவை ஏர்க்காலையே இடித்து, வண்டியை ஓரடி பின்னுக்குத் தள்ளினான்.

ராட்னி தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான். "கண்ணைக் கட்டிக்கிட்டு வந்தாக்கூட மாட்டிக்கும்னு கடைக்காரன் சொன்னானே."

"கடைக்காரன் என்னைப் பாத்ததில்லையே," என்றான் கெர்மிட். பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்கம்மா அந்த ஓரமா நின்னு கை காட்டினா வரும்னு நெனக்கிறேன்."

ராட்னி என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். "நடுவுல மட்டும் போயிடாதம்மா. தள்ளி நின்னு கையைக் காட்டு, போதும்."

தள்ளியே நின்றேன். கை காட்டினேன். முதல் தடவையிலேயே கொக்கி டக்கென்று கவ்வியது.

கெர்மிட் இறங்கி வந்து, ஃப்ளாஸ்க்கின் மூடியில் எனக்குக் காப்பி ஊற்றினான். ராட்னி சாமான்களைப் பிக்கப்பில் எறிந்துவிட்டு என் காதருகே குனிந்தான்.

"இந்த லட்சணத்துல இந்த மனுஷன் இத்தனை வருஷம் எப்படிம்மா பண்ணை நடத்தினாரு?"

நான் காப்பியை ஊதிக்கொண்டிருந்தேன்.

ராட்னி பிறப்பதற்கு முன்னால், எனக்கும் ஆர்னால்டுக்கும் கல்யாணம் பேசி முடிப்பதற்கும் முன்னால், எங்கள் மாவட்டக் கண்காட்சியில் டிராக்டரைப் பின்னால் ஓட்டும் போட்டி நடந்தது. கெர்மிட்டுக்குப் பத்தொன்பது வயது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வண்டிகளை மாட்டி, இரண்டு பக்கமும் முட்டைகளை வரிசையாக வைத்த சந்துக்குள் கடைசி வரை பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். ஒரு முட்டைகூட உடையவில்லை.

முதல் பரிசு ரிப்பனை அவன் சட்டையில் குத்திவிட்டவள் நான்தான்.